எழுத்தெண்ணிப் படிப்போம்!

கவிதை நூலுக்கு மதிப்புரை எழுதுகிறோம். நாடகத்தைத் திறனாய்வு செய்கிறோம். ஆனால், உழைப்பவனின் பகலையும் உறக்கத்தையும் அளந்து எழுதப்படும் எழுத்து ஒன்று உண்டு. அதுதான் சட்டமன்றத்தில் வைக்கப்படும் மசோதா. அதை மட்டும், வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிடுகிறோம். இது முறையா?

2023ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அறிமுகமாயிற்று. அதே திங்கள் 21ஆம் நாள், தோழமைக் கட்சியினரே எதிர்த்து வெளியேறிய நிலையில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறிற்று. கொண்டுவந்தவர் வேண்டியவரா, வேண்டாதவரா என்று பார்த்துத் தீர்ப்பளிப்பது திறனாய்வு அன்று. ஆளை மறப்போம், எழுத்தைப் படிப்போம்.

மசோதாவோடு இணைந்த நோக்கக் காரண விளக்கம் நயமாகப் பேசிற்று. நெகிழ்வான வேலை நேரம் வேண்டுமெனத் தொழில் நிறுவனங்கள் கேட்கின்றன என்றது. நெகிழ்வு! எத்துணை இனிய சொல்! ஆனால் நெகிழ்வது எது? முதலாளியின் நெஞ்சமா, தொழிலாளியின் முதுகெலும்பா?

விடை மூலத்தில் இருந்தது. மூலமோ மிகச் சிறியது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 65-அ என்னும் புதுப் பிரிவைச் சேர்ப்பது. அதன்படி 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளில் எதிலிருந்தும், ஏன், எல்லாவற்றிலிருந்துமே, எந்தத் தொழிற்சாலைக்கும் அரசு அறிவிக்கை வாயிலாக விலக்கு அளிக்கலாம் என்பது. அவ்வளவே.

வெறும் எண்கள்! படிப்பவர் கண் அயர்வது இவ்விடத்தில்தான். தாய்ச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படித்தாலோ, எண்கள் வாய் திறக்கும். 51, வாரத்திற்கு 48 மணி நேரமே வேலை என்றது. 52, வார விடுமுறை தந்தது. 54, நாளொன்றுக்கு 9 மணி என வரையறுத்தது. 55, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காதே, அரை மணியேனும் ஓய்வு கொடு என்றது. 56, ஓய்வையும் சேர்த்துப் பத்தரை மணிக்குள் ஆளை வீட்டுக்கு அனுப்பு என்றது. 59, மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது.

வாரத்திற்கு 48 மணி என்பது மாறாது, நான்கு நாள் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை, விரும்புவோருக்கு மட்டுமே என்று அமைச்சர்கள் விளக்கம் தந்தனர். நெஞ்சறிந்தே உரைத்தனர் என்று வைத்துக்கொள்வோம். நாம் கேட்பது ஒன்றே: 48 மாறாது என்றால், 51 விலக்குப் பட்டியலில் ஏன் நுழைந்தது? நிபந்தனைகளை அறிவிக்கையில் குறிப்பிடலாம் என்றது மசோதா. அறிவிக்கை அரசின் பேனா முனையில் பிறப்பது; இன்றைய அமைச்சர் எழுதியதை நாளைய அமைச்சர் அழிக்கலாம். வாய்மொழி வாக்குறுதி காற்றோடு போகும். அச்சேறிய வாசகமே ஆலை வாயிலில் நிற்கும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் கர்நாடகம் நிறைவேற்றிய திருத்தமும் 12 மணி வேலைக்கு வழி திறந்தது. அதனை நாம் போற்றவில்லை. கையெழுத்துக் கேட்டு முதலாளி நீட்டும் தாளை மறுக்கும் வலிமை, சங்கமில்லாத தொழிலாளிக்கு ஏது? ஆயினும் 48 என்ற வரம்பும், தொழிலாளியின் எழுத்து வழி இசைவும் அங்கே வாசகத்திலேயே இருந்தன. எழுத முடியாதது அன்று என்பதற்கு அதுவே சான்று.

தொழிற்சங்கங்கள் எண்களைப் படித்தன, எதிர்த்து எழுந்தன. ஏப்ரல் 24இல் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே முதல் நாள், சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், திரும்பப் பெறப்பட்டதென முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். தவறு உணர்ந்து திருத்திக்கொண்டது பாராட்டத்தக்கதே. 1923இல் சிங்காரவேலர் சென்னையில் மே நாள் கொண்டாடியதற்கு நூறாம் ஆண்டு அது!

1948ஆம் ஆண்டுச் சட்டம் இன்று இல்லை. 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் தொழிலாளர் தொகுப்புச் சட்டம் அதனிடத்தில் அமர்ந்துவிட்டது. எண்கள் மாறிவிட்டன. படிக்கும் கடமை மாறவில்லை. அடுத்த மசோதா வரும்போது முன்னுரையில் மயங்காதீர், மூலத்தைப் புரட்டுவீர். 'விலக்கு' என்ற சொல்லைக் கண்டால், விலக்கப்படுவது யாருடைய உரிமை என்று கேட்பீர்!