அளவீட்டுத் தமிழில் ‘பிழை’: கலைச்சொல் எல்லைகள் குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

அறிவியல் தமிழ் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லாக்கத்தையே மையமாகக் கொண்டுள்ளன. ஓர் ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு நிகரான தமிழ்ச்சொல் கிடைத்துவிட்டதா, அது தூய சொல்லா, எளிய சொல்லா என்னும் வினாக்களே அவற்றில் முன்னிற்கின்றன. ஆயின் கலைச்சொல் தனித்து நின்று பொருள் தருவதில்லை. ஒரு சொல்லின் மதிப்பு அதன் அண்டைச் சொற்களோடு அது கொள்ளும் வேறுபாட்டால் அமைகிறது என்னும் சசூரின் கருத்து (1916) பொதுமொழியைக் காட்டிலும் துறைமொழிக்கு மிகுதியும் பொருந்தும். இவ்வடிப்படையில், அளவீட்டியலில் வழங்கும் பிழை, துல்லியம், நுட்பம் முதலிய சொற்களை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

2. துறை காட்டும் வேறுபாடுகள்

1875ஆம் ஆண்டின் மீட்டர் உடன்படிக்கை அலகுகளின் பொதுமைக்கு வழிவகுத்தது. அளவீடு பற்றிப் பேசும் சொற்களின் பொதுமையோ நெடுங்காலம் கழித்தே வந்தது. அளவீட்டியலுக்கான பன்னாட்டுச் சொற்றொகுதி 1984இல் வெளிவந்து, 1993இலும் 2008இலும் திருத்தம் பெற்றது. அதன் வரையறைகளை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம்.

ஒரு கோலின் ஏற்கப்பட்ட நீளம் 50.0 செ.மீ. எனக் கொள்வோம். முனை தேய்ந்த ஓர் அளவுகோலால் மும்முறை அளக்கும்போது 50.4, 50.4, 50.5 செ.மீ. என அளவுகள் கிடைக்கின்றன. வேறோர் அளவுகோல் 49.6, 50.1, 50.3 செ.மீ. எனக் காட்டுகிறது. முதல் தொகுதி தம்முள் நெருங்கியது. ஆனால் ஏற்கப்பட்ட மதிப்பினின்றும் விலகியது. இரண்டாம் தொகுதி சிதறியது. ஆனால் அதன் சராசரி 50.0 செ.மீ. ஆகும். முதலதன் குறை விலகல். இரண்டாவதன் குறை சிதறல். முன்னதை எத்தனை முறை அளந்து சராசரி கண்டாலும் நீக்க இயலாது. பின்னதைக் குறைக்க இயலும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் சுட்டும் மொழியில் இச்செய்தியைக் கூறுவதே அரிதாகிறது.

3. துல்லியமும் நுட்பமும்

பொதுத்தமிழில் ‘துல்லியமாகச் சொன்னான்’ என்பது சரியாகச் சொன்னான் என்றும், நுணுக்கமாகச் சொன்னான் என்றும் பொருள்படும். துறைமொழியில் இவ்விரண்டும் பிரிய வேண்டும். தமிழ்நாட்டுப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் பாடநூல் துல்லியத்தன்மை, நுட்பம் என இருவேறு சொற்களை ஆண்டிருப்பது பாராட்டத்தக்கது. துல்லியம் ‘ஒப்பு’ எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்தது, துலாக்கோலோடு உறவுடையது. ஏற்கப்பட்ட மதிப்போடு ஒத்திருத்தலைக் குறிக்க அது பொருத்தமானதே.

‘நுட்பம்’ அவ்வளவு பொருந்தவில்லை. அச்சொல் நுண்மையைச் சுட்டுவது. ஆதலின், கருவி காட்டவல்ல மிகச் சிறிய அளவாகிய மீச்சிற்றளவையே படிப்போர் எண்ணுவர். துறை கருதுவதோ மீண்டும் மீண்டும் அளக்கும்போது கிடைக்கும் மதிப்புகள் தம்முள் நெருங்கியிருத்தல். மிக நுண்ணிய கோடுகளைக் கொண்ட கருவியும் சிதறிய அளவுகளைத் தரலாம். எனவே ‘நுட்பம்’ என்னும் சொல்லைத் தொடர்ந்து ஆளுவோர், அதனை மீச்சிற்றளவினின்றும் பிரித்துக் காட்டும் வரையறையையும் உடன் தருதல் இன்றியமையாதது.

4. பிழை

‘பிழை’ என்னும் சொல்லின்மீது கூறப்படும் குறை, அது குற்றத்தை நினைவூட்டுகிறது என்பது. எழுத்துப்பிழை, பிழை பொறுத்தல் முதலிய வழக்குகள் இதற்குச் சான்று. இதன் விளைவு சிறிதன்று. ஆய்வகத்தில் மாணவர் தம் அளவைக் குற்றமெனக் கருதி, விடைக்கு ஏற்பத் திருத்த முற்படுவதற்கு இப்பொருள் இடந்தருகிறது. பொட்டலப் பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவு விதிகள் கூறும் ஏற்பு வரம்பை ‘அனுமதிக்கப்பட்ட பிழை’ எனப் பெயர்க்கும்போது, குற்றத்திற்கே சட்டம் இசைவு தருவதுபோல் ஒலிக்கிறது.

ஆயினும் சொல்லைக் கைவிடத் தேவையில்லை. பிழைத்தல் என்பதற்குக் குறி தவறுதல் என்னும் பழம்பொருள் உண்டு. திருக்குறள் (772) யானையைத் தப்பிய வேலைக் குறிக்க இவ்வினையையே ஆள்கிறது. குறிக்கும் பட்ட இடத்திற்கும் இடையிலுள்ள தொலைவே அளவீட்டியல் கூறும் பிழை. அதில் பழி இல்லை. அளப்பவரின் கவனக்குறைவைத் ‘தவறு’ எனப் பிரித்து வழங்கினால் இப்பொருள் தெளிவுறும்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பிழை என்பது விலகல். உறுதியின்மை என்பது மதிப்பு எவ்வெல்லைக்குள் சிதறக்கூடும் என்பதன் அளவு. 100.0 ± 0.2 கிராம் என்பதிலுள்ள 0.2 பிழையன்று, உறுதியின்மையாகும். 1993இல் வெளிவந்த பன்னாட்டு வழிகாட்டி இவ்வேறுபாட்டை வலியுறுத்தியது. ஆனால் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பதினொன்றாம் வகுப்பு ஆங்கில இயற்பியல் நூலே உறுதியின்மையைப் பிழை என வரையறுத்தது. இத்தகைய மூலத்தைப் பின்பற்றும் மொழிபெயர்ப்பாளர், தாம் செய்யாத குழப்பத்திற்கும் வாரிசாகிறார். மூலத்திற்கு உண்மையாக இருத்தல் துறைக்கு உண்மையாக இருத்தலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

5. அடைமொழிகள்

ஆங்கிலத்தின் ‘கிராஸ்’ என்னும் அடைமொழிக்கு மொத்தம் என்றும் பெரிய, வெளிப்படையான என்றும் பொருள்கள் உண்டு. கவனக்குறைவால் நேரும் பெருந்தவற்றை ‘மொத்தப் பிழை’ எனப் பெயர்க்கும்போது, எல்லாப் பிழைகளின் கூட்டுத்தொகை என்னும் தொடர்பற்ற பொருள் புகுகிறது. ‘பெருந்தவறு’ என்றாலே போதும். ‘முக்கிய எண்ணுருக்கள்’ என்பதும் இவ்வகையினதே. அவ்விலக்கங்கள் முக்கியமானவை என்பதன்று கருத்து. அளவு பற்றிய செய்தியைத் தாங்குவன என்பதே கருத்து. ‘பொருளுறு இலக்கங்கள்’ என்பது இதனை நேரே உணர்த்தும். இரு இடங்களிலும் அகராதியின் முதற்பொருளே கலைச்சொல்லின் பொருளாகிவிட்டது.

6. எண்ணைப் பெயர்த்தல்

எண்களுக்கு மொழிபெயர்ப்புச் சிக்கல் இல்லை எனக் கருதுவது பொருந்தாது. செருமானிய மருத்துவர் வுண்டர்லிக் 1868இல் மனித உடல் வெப்பத்தின் இயல்பளவாக 37 பாகை செல்சியசைக் குறித்தார். அது பாரன்ஹீட் அளவில் 98.6 ஆயிற்று. இரண்டு இலக்கங்கள் மூன்றாயின. மூலத்தில் இல்லாத பதின்மக் கூறு ஒன்று பிறந்தது. எண் மாறவில்லை, அதன் உறுதி பற்றிய கூற்று மாறிவிட்டது. ‘சுமார் 100 மைல்’ என்பதை ‘சுமார் 160.93 கி.மீ.’ என எழுதும் மொழிபெயர்ப்பும் இத்தகையதே. ‘சுமார்’ என்னும் சொல் ஐயத்தைக் கூற, எண் அதனை மறுக்கிறது. ‘சுமார் 160 கி.மீ.’ என்பதே நேர்மையான பெயர்ப்பு.

7. முடிவுரை

அளவீட்டுத் தமிழுக்குச் சொற்பஞ்சம் இல்லை. துல்லியம், பிழை, தவறு, உறுதியின்மை ஆகியவை பொதுமொழியிலேயே உள்ளன. தேவைப்படுவது, ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று புகாத ஆட்சி ஒழுங்கு. கலைச்சொற் பட்டியல்களை அகரவரிசையில் மட்டும் தொகுப்பது இதற்கு உதவாது. ஒரு துறையின் அண்டைச் சொற்களை அருகருகே நிறுத்தி, அவற்றின் வேறுபாடுகளை வரையறுத்துத் தொகுத்தல் வேண்டும். ஒரு தமிழ்ச்சொல்லை மதிப்பிடுவோர் அஃது எந்த ஆங்கிலச் சொல்லுக்கு நிகர் என்பதோடு, எந்தத் தமிழ்ச்சொல்லினின்றும் வேறுபடுகிறது என்பதையும் வினவுதல் தகும்.