எய்தவன் யார்?

ஆவடி கனரக ஊர்தித் தொழிற்சாலையில் உருவாகும் டாங்கி, எந்தச் சீமான் வீட்டு வாயிலுக்கும் போவதில்லை. நாட்டின் படைக்கே போகிறது. படைக்கலம் அரசிடம், அரசு சட்டத்திடம் – மக்களாட்சியின் முதற்பாடம் இதுவன்றோ!

பீகாரில் அப்பாடம் பொய்த்தது. ஆதிக்கச் சாதி நிலவுடைமையாளர் வளர்த்த ரணவீர் சேனையை அரசு 1995-இல் தடை செய்தது. தடை ஏட்டில் இருந்தது. துப்பாக்கி தோளில் இருந்தது! 1997 டிசம்பர் முதல் நாள், இலட்சுமண்பூர் பாத்தேயில் 58 ஏழையர் கொல்லப்பட்டனர், பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டோர். 2010-இல் 26 பேர் தண்டிக்கப்பட்டனர். 2013-இல் அத்தனை பேரையும் உயர்நீதிமன்றம் விடுவித்தது.

சத்தீசுகரிலோ, மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர் கையில் அரசே துப்பாக்கியைத் திணித்தது. அது அரசமைப்புக்கு முரணென 2011 ஜூலை 5-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டிலேயே துணைப்படைச் சட்டமொன்றை இயற்றி, அவ்விளைஞர்களைச் சேர்த்துக்கொள்ள வழி செய்தது மாநில அரசு!

ஆயுதக் கூட்டத்தில் சேர்வதையே குற்றமாக்குக என்போர் உளர். ஆக்குக! வரவேற்கிறோம். ஆனால் நாம் கேட்பது ஒன்று: சேர்ந்தவனுக்குச் சிறை, பணமும் துப்பாக்கியும் தந்து சேர்த்தவனுக்கு? அவன் நிலக்கிழாராயினும், நாடாளும் அமைச்சராயினும் அச்சட்டம் தீண்டவேண்டும். எய்தவனை விட்டு அம்பை ஒடிப்பது நீதியாகாது!