கரிசலில் ஒரு சங்கீதச் சமாதி

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் எட்டயபுரம். வருகிறவர்கள் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அட்டக்குளத்துப் பக்கமும் ஒரு நடை போக வேண்டும். கர்நாடக சங்கீத மேதை முத்துசுவாமி தீட்சிதரின் சமாதி அங்கேதான் இருக்கிறது. திருவாரூரில் பிறந்தவர், 1835 தீபாவளியன்று இந்த மண்ணில் அடங்கினார்.

கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்தால் ஒன்று புரியும். வறட்சி கண்டு மனம் இளகி, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடி அவர் மழையை வரவழைத்தார் என்ற கதை ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது. மானாவாரிச் சம்சாரிக்கு மழையைவிடப் பெரிய வரம் ஏது?

எனக்கு அதைவிடப் பிடித்தது, எந்த இசைக்கும் காது கொடுத்த அவர் மனசு. வெள்ளைக்காரர் பேண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று பிள்ளைகள் இன்றும் பாடுகிறார்கள். தம்பி பாலுசுவாமி சென்னையில் பிடில் கற்று, அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். எட்டயபுரம் அரண்மனை வித்வானாகவும் இருந்தார். அந்தக் குடும்பத்து சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற நூல் 1904-இல் இந்தச் சின்ன ஊரிலிருந்துதான் வெளிவந்தது.

கோவில்பட்டிக்கு வந்தால் கடலைமிட்டாயோடு திரும்பிவிடாதீர்கள். எட்டயபுரத்துக்கு ஒரு பஸ் ஏறுங்கள்.