வகுப்பறைக்குள் பேசும் நாய்

பேசும் நாய் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்து செய்யும் கலாட்டாவைச் சொல்லும் கதைகள், படப்புத்தகத்தைத் தாண்டி முதல் நாவலைக் கையிலெடுக்கும் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படுபவை. அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடியும். ஒவ்வொன்றின் கடைசியிலும் நாய் எதிலாவது மாட்டிக்கொள்ளும். பஞ்சதந்திரத்திலும் விலங்குகள் பேசுகின்றன. அங்கே நரியும் சிங்கமும் தமக்குள் பேசிக்கொள்வதால் யாரும் திகைப்பதில்லை. பள்ளிக்கூட நாயோ மனிதர்களிடம், அதுவும் வாய் பொத்தி உட்கார வேண்டிய இடத்தில், வாய் திறக்கிறது. சிரிப்பு அந்த மீறலிலிருந்து வருகிறது.

மனிதரிடம் வாதாடும் நாய் இந்திய மரபுக்குப் புதிதல்ல. பௌத்த ஜாதகக் கதைகளில் ஒன்றான குக்குர ஜாதகத்தில், மழையில் நனைந்த தேர்த் தோல்வார்களை அரண்மனை நாய்களே தின்றுவிட, அரசன் ஊர் நாய்களையெல்லாம் கொல்ல ஆணையிடுகிறான். சுடுகாட்டில் வாழும் நாய்த் தலைவன் சபைக்கு வந்து, அரண்மனை நாய்களை மட்டும் விட்டுவைப்பது எந்த நீதி என்று கேட்கிறது. மோரில் தர்ப்பையைக் கலந்து புகட்டச் சொல்கிறது. அரண்மனை நாய்கள் தோலைக் கக்குகின்றன. பேச்சு மனிதப் பேச்சுதான். வழக்கை வெல்வது நாயுடம்பைப் பற்றி நாய்க்கு இருக்கும் அறிவு.

சூசன் மெடா 1992-இல் எழுதிய, மார்த்தா என்ற நாயின் கதையிலும் பேச்சு நேர்த்தியாகக் கையாளப்படுகிறது. மார்த்தா பள்ளிக்குப் போகும் நாயல்ல. ஆனாலும் இவ்வகைக் கதைகளை எடைபோட நல்ல அளவுகோல். எழுத்து வடிவச் சேமியா போட்ட சூப்பைக் குடித்ததும் எழுத்துகள் வயிற்றுக்குப் போகாமல் மூளைக்கு ஏற, அது பேசத் தொடங்குகிறது. ஓயாத பேச்சால் வீட்டாரிடம் திட்டு வாங்கி, மனம் நொந்து சூப்பை விடுகிறது. திருடன் வரும் இரவில் போலீசுக்குப் போன் செய்தால் குரைப்பு மட்டுமே வருகிறது. நாயை அடக்க நினைத்துத் திருடனே சூப் பானையைத் தர, அதைக் குடித்ததும் பேச்சு திரும்ப, அவன் மாட்டிக்கொள்கிறான். நாய் பேசும் என்ற ஒரே பொய்யைச் சொல்லிவிட்டு, அதற்கு விதியும் விலையும் வைத்து, மற்றதையெல்லாம் ஒழுங்காக நடத்துகிறது இந்தக் கதை. குழந்தை வாசகர் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு அடுத்து நடப்பதை ஊகிக்க முடிகிறது.

வகுப்பறைக்குள் நாயைப் பேசவிடும் உத்தியின் பெரிய பலம், பள்ளியை வெளியாள் ஒருவரின் கண்ணால் காட்டுவது. மணி அடித்தால்தான் பசிக்க வேண்டுமா, பதில் தெரிந்தவன் ஏன் கை தூக்கிக் காத்திருக்க வேண்டும் என்று மாணவன் கேட்டால் அதிகப்பிரசங்கி ஆகிவிடுவான். நாய் கேட்டால் வகுப்பே யோசிக்கும். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு, தன்னைவிடத் தப்பும் தவறுமாகப் படிக்கும் தோழன் கதைக்குள் கிடைப்பதும் சிறிய லாபமல்ல.

பலவீனங்கள் பெரும்பாலும் எழுதுபவரின் சோம்பலால் வருகின்றன. பெரியவர்களின் திகைப்பை மட்டும் நம்பும் வேடிக்கை மூன்றாம் அத்தியாயத்திலேயே வற்றிவிடும். பிறகு ஆசிரியரை முட்டாளாக்குவார்கள், அல்லது நாய் வாயில் நீதிபோதனையைத் திணிப்பார்கள். மோப்பத்தால் உலகை அறியும் உயிர் கரும்பலகையையும் மதிப்பெண்ணையும் பற்றி மட்டுமே பேசினால், அது வால் வைத்த பையன், நாயல்ல.

திருவனந்தபுரம் போன்ற நகரில் இந்தக் குறை அழகியலோடு நிற்பதில்லை. மதிய உணவுக்குப் பின் பிள்ளைகள் தட்டுக் கழுவும் குழாயடியில், மிச்சச் சோற்றுக்காகக் காத்துக் கிடக்கும் நாயைக் கேரளத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்குப் பெயர் வைத்துக் கொஞ்சுபவர்களும், அதைக் கண்டு நடுங்குபவர்களும் ஒரே வகுப்பில் இருப்பார்கள். 2016 ஆகஸ்டில் நகரை அடுத்த புல்லுவிளைக் கடற்கரையில் 65 வயது மூதாட்டி தெருநாய்கள் கடித்து இறந்தார். 2025 மே மாதம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி ரேபிஸ் நோயால் நகரின் எஸ்.ஏ.டி. மருத்துவமனையில் உயிரிழந்தாள். அதே ஆண்டு நவம்பரில் கல்வி நிறுவனங்கள் உள்ளிட்ட பொது இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எப்போதும் சிரித்துக்கொண்டு அணைக்க வரும் நாயை மட்டுமே காட்டும் புத்தகம் இங்கே பிள்ளைகளுக்குப் பாதி உண்மையைத்தான் தருகிறது.

பேசாத நாயால் என்ன முடியும் என்பதற்கு, மலையாளத்திலும் வெளிவந்த 'டோட்டோ-சான்' சாட்சி. தெட்சுகோ குரோயாநாகியின் அந்த நினைவுநூலில், சிறுமி புது ரயில் பாஸை ராக்கி என்ற நாயின் கழுத்தில் மாட்டிப் பார்க்கிறாள். ரயிலில் அதற்கு இடமில்லை என்று அவளே விளக்குகிறாள். ஓநாய் விளையாட்டில் ராக்கி காதைக் கடித்துவிட, ரத்தம் வழியும்போதும் அதைத் திட்டாதீர்கள் என்று பெற்றோரிடம் கெஞ்சுகிறாள். பாசமும் பல்லும் ஒரே நாயிடம் இருப்பது ஒரு வசனமும் இல்லாமல் புரிகிறது.

எனினும் ராக்கியால் முடியாத ஒன்று பேசும் நாயால் முடியும்: தான் ஏன் கடித்தோம் என்று சொல்வது. தின்னும்போது கிட்ட வந்தது, குட்டியைத் தூக்கியது, பயந்து ஓடியது எனப் பிள்ளைகள் செய்பவை நாய்க்கு என்னவாகத் தெரிகின்றன என்பதை வேடிக்கையாகவே எழுதலாம். நாயின் சொந்தப் பயத்திலிருந்து வந்தால் அது போதனையாக ஒலிக்காது. குக்குர ஜாதகத்து நாய் சபையில் பேசியதும் அத்தகைய பேச்சுதான்.