ஆள்காட்டி விரலைப் பாருங்கள்

கத்தி எறிபவரைப் பார்க்கப் போகிற எல்லோரும் பலகையைத்தான் பார்க்கிறார்கள். குத்தி நின்றதா, நடுவில் பட்டதா, கீழே விழுந்ததா என்பதோடு சரி. நானும் முதல் சில வாரங்கள் அப்படித்தான் பார்த்தேன். வேலூர் பாகாயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ஒரு தம்பி இருக்கிறார். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் கட்டிங்கில் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், கொல்லையில் மதிலோரம் நிறுத்திவைத்த மரக்கட்டையில் கத்தி எறிந்து பழகுவார். சுழலாமல் எறிகிற முறை அது. கத்தி காற்றில் குட்டிக்கரணம் போடாது. ஈட்டி மாதிரி முனையை நீட்டிக்கொண்டு போய்க் குத்தும்.

ஒரு நாள் என்னைப் பார்த்து, "இன்னாணா, கட்டையவே பாத்துனு கீறீங்க? அங்க இன்னா கீது? எல்லாம் இங்கயே முடிஞ்சி பூடுது" என்று தன் ஆள்காட்டி விரலை ஆட்டிக் காட்டினார். எனக்குப் பார்க்கத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

கத்தி எறிவதில் இரண்டு வழி உண்டு. சுழற்றி எறிவது நமக்குப் பழகிய வழி. சர்க்கஸில் பலகையின் முன்னால் ஒருவரை நிறுத்தி, அவரைச் சுற்றிக் கத்தி குத்துவது பெரும்பாலும் இதுதான். இதில் தூரக் கணக்குதான் உயிர். கத்தி ஒரு முழுச் சுற்று சுற்றி முடிக்க ஏறத்தாழ 3, 4 மீட்டர் ஆகும். ஆளுக்கு ஆள், கத்திக்குக் கத்தி மாறும். அந்த இடத்தில் காலை வைத்து எறிந்தால் முனை பலகையில் இறங்கும். ஒரு முழம் முன்னால் வந்துவிட்டாலோ கத்தியின் பக்கவாட்டோ பிடியோ இடித்துத் தெறிக்கும். சுழலாத எறியில் இந்தக் கட்டாயம் கிடையாது. 2 மீட்டரில் எப்படியோ அப்படியே 4 மீட்டரிலும். ஆகவே நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது எறிபவரின் கால்களை. ஒரு கத்தி எறிந்ததும் ஓர் அடி பின்னால் போகிறார், அடுத்ததை எறிகிறார், பக்கவாட்டில் நகர்கிறார், மறுபடி எறிகிறார், பிடியை மட்டும் மாற்றவில்லை. கத்திகள் எல்லாம் குத்தி நிற்கின்றன. அப்படியானால் அவருக்குக் கை வந்திருக்கிறது. ஒரே கோட்டில் நின்று பத்துக்குப் பத்து குத்துகிறவரைவிட, நகர்ந்து நகர்ந்து பத்துக்கு ஏழு குத்துகிறவரை நான் உயர்வாக வைப்பேன்.

இனி விரலுக்கு வருவோம்.

கத்தியை ஓங்கிப் பிடித்திருக்கும்போது முனை வானத்தைப் பார்க்கிறது. கட்டையில் குத்தும்போது அது கட்டையைப் பார்த்தாக வேண்டும். அதனால் சுழலாத எறியிலும் கத்தி ஒரு கால் சுற்று திரும்பத்தான் செய்கிறது. திரும்பியது அதோடு நிற்க வேண்டும் என்பதுதான் பாடு. தோளையும் முழங்கையையும் அச்சாக வைத்துக் கை வீசும்போது, கையில் இருக்கும் கத்தியும் அதே வேகத்தில் திரும்புகிறது. சும்மா விட்டுவிட்டால் முனை முன்பக்கம் கவிழும், பிடி மேலே எழும்பும், கத்தி உருண்டுகொண்டே போகும். எழும்பப் பார்க்கிற அந்தப் பிடியை அமுக்கிவைப்பது ஆள்காட்டி விரலின் வேலை. கத்தியின் முதுகில் நீட்டி வைத்த விரல், மற்ற விரல்கள் விட்ட பிறகும் விடாமல், பிடியின் கடைசி நுனிவரை வருடிக்கொண்டே போகிறது. அந்த உராய்வு சுழற்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

வாசலில் கோலம் போடுகிற கையை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு ஒரே சீராக நழுவுகிறதே, இறுக்கினால் இழை அறுந்தும் தளர்த்தினால் கொட்டியும் போகிறதே, அந்தப் பதம்தான் இங்கேயும் வேண்டும். கோலத்தில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிவரை யோசிக்க நேரம் இருக்கும். இங்கே கண் இமைக்கும் நேரம்கூடக் கிடையாது.

கூடவே இன்னும் இரண்டைக் கவனியுங்கள். மணிக்கட்டு உதறக் கூடாது. உதறினால் விரல் அடக்கிவைத்த சுழற்சி திரும்பி வந்துவிடும். கையும் கடைசி ஒரு சாண் தூரத்துக்கு வட்டம் போடாமல் கட்டையை நோக்கி நேராகப் போக வேண்டும். எறிந்து முடித்த பிறகு கை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். விரல் கட்டையைச் சுட்டிக்கொண்டு நின்றால் சரி. கை தொடைப் பக்கம் விழுந்து, விரல் தரையைப் பார்த்தால், கத்தி குத்தியிருந்தாலும் அது நல்ல எறி அல்ல.

இந்தத் தம்பிக்கு விரல் எப்படி இவ்வளவு சீக்கிரம் பேசியது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஷூ கம்பெனிகளில் இப்போது பெரும்பாலும் அச்சு வைத்து பிரஸ்ஸில்தான் தோல் வெட்டுகிறார்கள். தம்பி இருக்கிற சாம்பிள் செய்யும் இடத்தில் மட்டும் இன்னும் கையால் வெட்டுகிறார்கள். தோலை மேஜையில் விரித்து, பேட்டர்னை அதன்மேல் வைத்து, ஓரத்தை ஒட்டிக் கத்தியை இழுப்பார்கள். அப்போதும் ஆள்காட்டி விரல் கத்தியின் முதுகில்தான் இருக்கும். தோல் எங்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதுகுப் பக்கம் கெட்டி, வயிற்றுப் பக்கம் தளர்வு, இழுத்தால் நீளும். கத்தி தளர்ந்த இடத்துக்கு வந்ததும் விரல் தானாக அழுத்தத்தைக் குறைக்கிறது, கெட்டியான இடத்தில் கூட்டுகிறது. கண் சொல்லி விரல் செய்வதல்ல அது. வருஷக்கணக்காக அப்படி வெட்டிய விரலுக்கு, ஓடுகிற கத்தியின் முதுகைத் தொட்டுக்கொண்டே இருப்பது புதிதாகக் கற்க வேண்டிய காரியமாக இருக்காது. வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டை வட்டாரத்தில் இப்படிப்பட்ட விரல்கள் எத்தனை இருக்கும் என்று எண்ணும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவற்றைப் பார்த்து ரசிக்க நமக்குக் கண்தான் போதவில்லை.

பிடியில் தோல் சுற்றும் விஷயத்திலும் அவருக்குத் தொழில் கைகொடுக்கிறது. எறிகத்தியின் பிடி வெறும் இரும்பாக இருந்தால் வியர்வையில் வழுக்கும். விரல் வருடுவதற்குள் கத்தி போய்விடும். ஏதாவது சுற்றியாக வேண்டும். தோலில் முடி இருந்த பக்கம் வழவழப்பு, சதை ஒட்டியிருந்த பக்கம் சொரசொரப்பு. சொரசொரப்பான பக்கத்தை வெளியில் வைத்துச் சுற்றினால் விரல் நன்றாகப் பற்றும், ஆனால் சில நேரம் அளவுக்கு மீறிப் பற்றி, முனையை மேலே தூக்கிவிடும். வழவழப்பான பக்கம் வெளியில் இருந்தால் கத்தி வேகமாகப் போகும், விரல் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். இவர் இரண்டையும் கலந்து, முன்பாதியை வழவழப்பாகவும் நுனியைச் சொரசொரப்பாகவும் சுற்றியிருக்கிறார். கையில் வாங்கிப் பார்த்தால்தான் தெரியும் அந்த வித்தியாசம். வேலூர் வெயிலில் சித்திரை மாதம் எட்டு மணிக்கே உள்ளங்கை நனைந்துவிடுகிறது. ஆறு மணிக்கு நேராகப் போன கத்தி எட்டு மணிக்கு வாலைத் தூக்குகிறது. எறிபவரின் ஒரு காலைப் பொழுதை முழுசாக உட்கார்ந்து பார்த்தால், வெயிலோடு சேர்ந்து விரலும் எப்படி மாறுகிறது என்பதே தனி ரசனை.

பலகையைப் பார்க்கவே வேண்டாம் என்பதல்ல. விரலைப் பார்த்து முடித்த பிறகு பாருங்கள். இப்போது அது உங்களுக்கு வேறு செய்தி சொல்லும். குத்தி நிற்கும் கத்தியின் பிடி மேலே தூக்கி, முனை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் சுழற்சி மிச்சம் இருந்தது என்று பொருள்: விரல் முன்னதாக விலகிவிட்டது, அல்லது மணிக்கட்டு உதறிவிட்டது. பிடி கீழே தொங்கி முனை மேல்நோக்கி இருந்தால், கத்தியைச் சீக்கிரம் விட்டுவிட்டார், இல்லையென்றால் விரல் மிகையாக அமுக்கிவிட்டது. மட்டமாக, தரைக்கு இணையாக நிற்பதுதான் உத்தமம். ஐந்து கத்தி எறிந்தபின் ஐந்தும் ஒரே கோணத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். ஐந்தும் ஒரே அளவு சரிந்து நின்றால்கூட நல்லதுதான், ஒரு சிறு திருத்தத்தில் சரியாகிவிடும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்று நின்றால் விரல் இன்னும் தடுமாறுகிறது. ஓசையும் சொல்லும். நேராக இறங்கிய கத்தி 'சதக்' என்று அடங்கிவிடும், சாய்ந்து இறங்கியது அதிர்ந்து ஒலிக்கும். கட்டை நல்லதாக இருந்தால்தான் இதெல்லாம் கேட்கும். கறிக்கடைக் கட்டை மாதிரி குறுக்காக அறுத்து, நார் எறிபவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்த வேண்டும். அப்போது முனை நார்களை விலக்கிக்கொண்டு நுழையும். கத்தியை உருவியதும் காயம் பாதி மூடிக்கொள்ளும். எங்கள் தம்பியுடையது மாமரத்து அடித்துண்டு.

கண்ணுக்கு எட்டாததைப் பார்க்கக் கையில் இருக்கும் போனே போதும். ஸ்லோமோஷனில் விநாடிக்கு 240 படம் எடுக்கிற போன்கள் இன்று சாதாரணம். கத்தி விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் தூரத்துக்கு 72 படம் கிடைக்கும். வலக்கையால் எறிபவர் என்றால் அவருடைய வலப்பக்கத்தில், தோளுக்குச் சற்றுப் பின்னால் நின்று எடுங்கள். கத்தி கையை விட்ட பிறகும் இரண்டு மூன்று படங்களுக்கு விரல் நுனி பிடியைத் தொட்டுக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். நான் முதலில் பார்த்தபோது, பேருந்து நகர்ந்த பின்பும் சன்னல் வழியாகப் பிடித்த கையை விடாமல் கூடவே நடக்கிற அம்மா ஒருத்தி நினைவுக்கு வந்தாள்.

உலகத்தில் இது யாருடைய கலை? ஜப்பானில் ஷுரிகென் என்கிற எறிமுள்ளை நேராக எறியும் பாணிகள் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் நெகிஷி நொபுனோரி உருவாக்கிய நெகிஷி பாணி அதில் பேர்பெற்றது. அந்தப் பாணியின் ஷுரிகென் முன்பக்கம் கனமாகவும் வால் மெலிந்தும் இருக்கும் கம்பி. நம் காலத்தில் அமெரிக்காவில் ரால்ஃப் தோர்ன், ராய் ஹட்சிசன், ரஷ்யாவில் யூரி ஃபெதின் ஆகியோர் ஆளுக்கொரு முறையில் இதைப் பரப்பினார்கள். ஈட்டி எறிதலையும் இதன் மூத்த உறவாகவே நான் பார்க்கிறேன். 2021-இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்த எறியை மறுபடி போட்டுப் பாருங்கள். ஈட்டியின் நீளவாட்டிலேயே கையின் பலம் போக வேண்டும், சற்று விலகினாலும் ஈட்டி காற்றில் உதறும். கத்திக்கும் அதே சட்டம்தான்.

நம் பக்கத்துச் சாட்சியும் ஒன்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் 1830-இல் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகளில், 1795-இல் தனக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்று எழுதியிருக்கிறார். தேர்ந்த கையில் வளரி 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் சொல்கிறார். ஆறே வருடத்தில், அதே சின்ன மருதுவை எதிர்த்த படையில் அவர் இருந்தார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நம் ஆம்பூரைச் சேர்த்துக்கொண்ட திருப்பத்தூர் அல்ல, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொள்வதால் சொல்கிறேன்.

வெல்ஷ் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஒரே ஆசான் இரண்டையும் கற்றுக்கொடுத்தார் என்பது. வளரி சுழன்று போவது. பிறை போல வளைந்து, ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் மெலிந்திருக்கும். சுழற்சிதான் அதைத் தடுமாறாமல் கொண்டுபோகிறது. எந்தப் பக்கம் பட்டாலும் அடிதான். ஈட்டி சுழலாமல் போவது. அதற்கு முனை மட்டும்தான் ஆயுதம். இரண்டுக்கும் கை வேறு, மனம் வேறு. தஞ்சாவூர் ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்த யானைத் தந்த வளரிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியான தம் தொகுப்பில் எழுதியிருக்கிறார். வளரிக்கு இப்படிப் பேரும் புகழும் நிலைத்துவிட்டன. நேராக எறிந்த கையைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். எறிபவருக்கு முன்னால் எந்தக் காரணத்துக்கும் நிற்காதீர்கள். தவறிய கத்தி திரும்பி வரும், அதுவும் பிடி இடித்தால் வேகமாக வரும். எறிகத்திக்கு முனை கூராக இருந்தால் போதும், ஓரம் மழுங்கித்தான் இருக்க வேண்டும். ஓரம் தீட்டிய கத்தியை எறிகிறவர் இருந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். கத்தி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய பொருள்; பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள். சொந்தமாகப் பழக ஆசை இருந்தால் ஒரு பெரியவர் மேற்பார்வையில், மதில் மறைப்புள்ள இடத்தில், வாழைத்தண்டில் தொடங்கலாம். மெதுவாக எறிந்தாலே குத்திக்கொள்ளும் என்பதால், பலத்தை மறந்து விரலை மட்டும் நினைக்க முடியும்.

சிலம்ப ஆசான்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று உங்களில் சிலர் வளரியைப் பிள்ளைகளுக்குத் திரும்பக் கற்றுத்தருகிறீர்கள். சின்ன மருது வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தது வளரி மட்டும் அல்ல. சுழலாமல் எறிவதையும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள்.