வாங்கிய பிறகு யார் கணக்குப் பார்ப்பது?

அரசு மருத்துவமனையைப் பற்றிய குறைகளில் நம் ஊரில் அடிக்கடி காதில் விழுபவை இரண்டு. ‘இந்த மாத்திரை ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்பது ஒன்று. ‘மெஷின் ரிப்பேர், அடுத்த வாரம் வாருங்கள்’ என்பது மற்றொன்று. கேட்டவர் கோபப்படுகிறார், அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்குக் காரணமாக நாம் வழக்கமாகச் சொல்பவை, நிதி இல்லை அல்லது ஊழல் என்ற இரண்டும், பாதி உண்மைகளே. ஒதுக்கிய பணம் செலவாகி, வாங்கிய பொருள் வந்து சேர்ந்து, யார் பையிலும் எதுவும் போகாமலேயே ஒரு மருத்துவமனையில் பெரும் விரயம் நடக்க முடியும். அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான இடம் இல்லை. வாங்குவதில் உள்ள சீர்கேட்டை நாட்டிலேயே முன்னதாகவும் முறையாகவும் சரிசெய்த மாநிலம் இது. மிச்சமிருக்கும் சீர்கேடு எங்கே ஒளிந்திருக்கிறது என்பது இங்கேதான் தெளிவாகத் தெரியும்.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலையில் ஓர் அரசு நிறுவனமாகப் பதிவாகி, 1995 ஜனவரியில் மருந்து வழங்கத் தொடங்கியது. அதற்கு முன் மருந்துக் கொள்முதல் பல கைகளில் சிதறிக் கிடந்தது. ஒரே மருந்தை வெவ்வேறு விலைக்கு வாங்குவதும், தேவையில்லாதது குவிந்து தேவையானது தீர்ந்துபோவதும் வழக்கமாக இருந்தன. கழகம் கொண்டுவந்த மாற்றங்கள் தனித்தனியே எளிமையானவை. முதலில் அத்தியாவசிய மருந்துப் பட்டியல். உலக சுகாதார நிறுவனம் 1977-இல் முன்வைத்த கருத்து அது. பிராண்ட் பெயர்களை விட்டுவிட்டு மூலப்பெயரில் சில நூறு மருந்துகளை மட்டும் மாநிலம் முழுமைக்கும் ஒரே ஒப்பந்தப்புள்ளியில் வாங்கினார்கள். தொழில்நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு இன்னோர் உறை. தகுதியில் தேறாதவரின் விலை உறை பிரிக்கப்படாது. வாங்கியவை மாவட்டக் கிடங்குகளுக்குப் போகும். அங்கிருந்து எடுத்த மாதிரிகளின் தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகே மருத்துவமனைகளுக்கு விடுவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் எழுதிய தொகை வரைக்கும் தனக்கு வேண்டிய மருந்தை, வேண்டிய நேரத்தில் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். மருந்து ஒதுக்கீட்டில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு இந்த வழியில் போக, மீதி உள்ளூர் அவசரத் தேவைக்கு விடப்பட்டது.

இதன் பலனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேரளமும் ராஜஸ்தானும் இந்த மாதிரியைப் பின்பற்றித் தங்கள் கழகங்களை அமைத்தன. ராஜஸ்தான் 2011 அக்டோபர் 2 அன்று இலவச மருந்துத் திட்டத்தைத் தொடங்க முடிந்தது இந்த அடித்தளத்தின் மீதுதான். இந்தியக் குடும்பங்கள் மருத்துவத்துக்குத் தம் கையிலிருந்து செலவழிப்பதில் பெரும் பங்கு மருந்துக் கடைக்கே போகிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தரும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்து 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்தது. அதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், அரசு தரும் இலவச மருந்தைத் தள்ளிவிட்டு அதை விளக்க முடியாது. ‘மலிவாக வாங்கினால் தரம் கெடும்’ என்பார்கள். விலை மட்டும் பார்த்தால் கெடும், ஐயமில்லை. அதனால்தான் தயாரிப்பாளர் பெயர் மறைத்த பரிசோதனையும், தேறாத தொகுப்பைத் திருப்பி அனுப்புவதும், தவறியவரைக் கறுப்புப் பட்டியலில் சேர்ப்பதும் அதே முறைக்குள் வைக்கப்பட்டன. மருந்துக் கடையில் நாம் அதிக விலை கொடுத்து வாங்கும் மாத்திரைக்கு இப்படித் தொகுப்புவாரியாக வாங்குபவர் தரப்பில் ஒரு சோதனை கிடையாது.

அந்தப் பரிசோதனைதான் முறையின் உயிர் என்பதற்கு இலங்கையே சாட்சி. சேனக பிபிலே வகுத்த வழியில் 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை அமைத்து, மையக் கொள்முதலில் பல நாடுகளுக்கு முன்னோடியாக நின்ற நாடு அது. 2022-இல் பொருளாதாரம் சரிந்தபோது, அவசரம் என்ற பெயரில் பதிவு செய்யப்படாத மருந்துகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. தரமற்ற இம்யூனோகுளோபுலின் அரசு மருத்துவமனைகளுக்குள் வந்து சேர்ந்தது. அது தொடர்பாக முன்னாள் சுகாதார அமைச்சர் கெஹலிய ரம்புக்வெல 2024 பிப்ரவரியில் கைதானார். எல்லா மருத்துவமனைக்கும் ஒரே வாசல் வழியாக மருந்து போகும்போது, அந்த வாசலில் காவல் தளர்ந்தால் கேடும் எல்லா இடத்துக்கும் போகும். மையக் கொள்முதலை ஆதரிப்பவர்கள் இந்த ஆபத்தை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். எதிர்ப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மருத்துவக் கல்லூரியில் ஆக்சிஜன் விநியோகம் தடைப்பட்டபோது, விநியோக நிறுவனத்துக்குத் தர வேண்டிய தொகை நிலுவையில் கிடந்தது. அப்போது அங்கே நிகழ்ந்த குழந்தைகளின் இறப்புக்கு அதுதான் காரணமா என்பதில் அரசு மாறுபட்டது. நிலுவை இருந்ததில் மாறுபாடு இல்லை. வாங்குவதற்கும் பணம் கொடுப்பதற்கும் ஓர் ஒழுங்கு இல்லாத இடத்தில் உயிர் காக்கும் பொருள்கூட பில் பாஸ் ஆவதற்காகக் காத்திருக்கிறது.

ஆக, கொள்முதல் சரி. என் குறை அதற்குப் பிறகு தொடங்குகிறது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு மருந்து வேண்டும் என்று கணக்கிடுவது பெரும்பாலும் கடந்த காலத்தில் எவ்வளவு செலவானது என்பதை வைத்துத்தான். ஒரு மருத்துவமனையில் ஒரு குறிப்பிட்ட இன்சுலின் மூன்று மாதம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்று மாதத்தில் அது செலவான அளவு பூஜ்யம் என்றே பதிவாகும். வெளியே வாங்கியவர்களும், வாங்க முடியாமல் ஊசியை நிறுத்தியவர்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எனவே தட்டுப்பாடு தன் சுவட்டைத் தானே அழித்துக்கொள்கிறது; அடுத்த ஆண்டுக் கேட்பும் குறைவாகவே போகிறது. மறுபுறம், மருத்துவர் எழுதாத மருந்தும் பட்டியலில் இருப்பதால் வந்து அடுக்கப்படுகிறது. காலாவதி நெருங்கும்போது யாருக்காவது கொடுத்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஒரே கட்டடத்தில் தட்டுப்பாடும் காலாவதியும் சேர்ந்து இருப்பது இதனால்தான். கிடங்கிலிருந்து எத்தனை பெட்டி போனது என்பதற்குக் கணினியில் துல்லியமான கணக்கு இருக்கிறது. சீட்டில் எழுதிய ஐந்து மருந்தில் நோயாளி கையில் எத்தனை சேர்ந்தது என்பதற்குக் கணக்கே இல்லை. முறை தன்னைப் பாராட்டிக்கொள்ளத் தேவையான எண்ணை வைத்திருக்கிறது, திருத்திக்கொள்ளத் தேவையான எண்ணை வைத்திருக்கவில்லை.

கருவிகளின் நிலை இதைவிட மோசம். ஒன்றிய அரசு சில ஆண்டுகளுக்கு முன் 29 மாநிலங்களின் அரசு மருத்துவ நிலையங்களில் கருவிகளைக் கணக்கெடுத்தது. 29,115 நிலையங்களில் 7,56,750 கருவிகள், மதிப்பு ஏறத்தாழ 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 விழுக்காடு வரை இயங்காமல் கிடந்தன. மருந்தை வாங்கினால் வேலை அநேகமாக முடிந்துவிடும். கருவியை வாங்கினால் வேலை அன்றுதான் தொடங்கும். உத்தரவாதக் காலம் முடிந்ததும் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், இயக்கத் தெரிந்தவர் வேண்டும். ரத்தப் பரிசோதனைக் கருவிகளில் பல, அதே நிறுவனத்தின் ரசாயனத்தை மட்டுமே ஏற்கும். குறைந்த விலைக்குக் கருவியைத் தந்த நிறுவனம் அந்த ரசாயனத்தில் பல மடங்கு சம்பாதித்துவிடும். அதற்கான நிதி தீர்ந்த மாதத்தில் கருவி மின்சாரத்தோடு சும்மா நிற்கும். வென்டிலேட்டரைத் திறந்துவைத்தால் செய்தி வரும், அதை இயக்கும் டெக்னீஷியன் பணியிடம் காலியாக இருந்தால் செய்தி வராது. கணக்கெடுப்புக்குப் பிறகு வந்த பராமரிப்புத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 95 விழுக்காடு, சமுதாய நல நிலையங்களில் 90, ஆரம்ப சுகாதார நிலையங்களில் 80 விழுக்காடு நேரம் கருவிகள் இயங்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. இயங்கும் நேரத்தை அளவாக எடுத்துக்கொண்டது சரியான திருப்பம். ஆனால் எந்த மருத்துவமனையில் எந்தக் கருவி எத்தனை நாள் நின்றது என்று நோயாளி எளிதில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் இடம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு அதிகாரிகளின் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது, நான் அதை ஏற்கவில்லை. ஓர் அதிகாரி பத்து ரூபாய் அதிகம் கொடுத்து நீண்ட பராமரிப்போடு ஒரு கருவியை வாங்கினால், ‘ஏன் குறைந்த விலையை விட்டாய்’ என்று தணிக்கைக் குறிப்பு வரும். மலிவாக வாங்கி அது ஈராண்டில் படுத்துவிட்டால் அவர் பெயருக்கு எந்தக் களங்கமும் வராது. அதற்குள் மாறுதலாகியும் போயிருப்பார். தலைமைத் தணிக்கையாளரின் செயல்திறன் அறிக்கைகள் பயன்படாத கருவிகளைச் சுட்டிக்காட்டுகின்றன என்பது உண்மை. அவை சட்டமன்றத்துக்கு வரும்போது சம்பவம் நடந்து சில ஆண்டுகள் ஆகியிருக்கும். வாங்குவதில் தவறினால் உடனே தண்டனை, பயன்படுத்துவதில் தவறினால் யாருக்கும் எதுவும் இல்லை என்று இருக்கும்போது, நல்ல அதிகாரியும் கோப்பைத்தான் காப்பாற்றுவார்.

‘இலவசமாகக் கொடுப்பதால்தான் வீணாகிறது, மக்களுக்கு அருமை தெரியவில்லை’ என்ற வாதம் நடுத்தர வர்க்கத்தினரிடம் பரவலாக இருக்கிறது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஓ.பி. சீட்டுக்கும், மருத்துவருக்கும், பிறகு மாத்திரைக்கும் மூன்று வரிசையில் நிற்பவர் அந்த மாத்திரைக்கு விலை கொடுத்துவிட்டுத்தான் வருகிறார். வீட்டில் மாத்திரை மிஞ்சுகிறது என்றால், ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரே மருந்தாளுநர் நூற்றுக்கணக்கானோருக்கு வழங்க வேண்டிய நெருக்கடியில், எதை எப்போது சாப்பிடுவது என்று சொல்ல நேரமில்லாமல் போனதும் ஒரு காரணம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்தை வீட்டுக்கே கொண்டுபோவதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது. ‘எல்லாவற்றையும் காப்பீட்டுக்கும் தனியாருக்கும் விட்டுவிடலாம்’ என்பது இன்னொரு வாதம். காப்பீடு பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகே கைகொடுக்கும். தினமும் மாத்திரை விழுங்க வேண்டியவருக்கு, அவர் படுக்கைக்குப் போகாமல் இருக்கத் தேவையான மருந்தை அது தராது. விரயத்தைக் காரணம் காட்டி அரசு மருத்துவமனையை ஒதுக்குபவர்கள், அந்த விரயத்தால் முதலில் பாதிக்கப்பட்டவரையே இரண்டாம் முறையும் தண்டிக்கிறார்கள்.

செய்ய வேண்டியதற்குப் புதிய துறை தேவையில்லை. சீட்டில் எழுதியும் கொடுக்க முடியாமல் போன மருந்தை மருந்தாளுநர் பதிய ஒரு பத்தி வேண்டும். அடுத்த ஆண்டுக் கேட்பு அந்தப் பத்தியையும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். கருவிக்கான ஒப்பந்தப்புள்ளியில் பத்தாண்டு இயக்கச் செலவையும் விலையாகக் கருத வேண்டும். கொடுக்க முடியாமல் போன மருந்துகள், கருவிகள் நின்ற நாட்கள் ஆகிய இரண்டு விவரங்களும் மாதந்தோறும் மருத்துவமனை வாயிலில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். மருந்தாளுநருக்கு வேலை கூடும் என்பது நியாயமான மறுப்பு. காலிப் பணியிடங்களை நிரப்பாமல் இதைச் சுமத்தக் கூடாது என்பதே அதற்கு என் பதில். மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை ஒவ்வோர் ஆண்டும் சட்டமன்றத்துக்கு வருகிறது. எத்தனை கோடிக்கு மருந்து வாங்கப்பட்டது, எத்தனை கருவி நிறுவப்பட்டது என்று அதன் கொள்கை விளக்கக் குறிப்பு சொல்கிறது. அடுத்த முறை அது விவாதத்துக்கு வரும்போது, உங்கள் தொகுதி அரசு மருத்துவமனையில் சென்ற ஆண்டு எத்தனை சீட்டுகள் முழுமையாக நிறைவேறின, எத்தனை கருவிகள் எத்தனை நாள் நின்றன என்று கேட்கும்படி உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு எழுதுங்கள்.