மந்திகள் என்ன செய்துகொண்டிருந்தன?

குரங்குக் கூட்டத்தின் கதை வெகுகாலம் அதன் தலைவனின் கதையாகவே எழுதப்பட்டது. கடுவன்கள் சண்டையிடும், மந்திகள் குட்டி சுமக்கும். இந்தக் கதையைக் கலைத்தவர்களுள் ஒருவர் அமெரிக்க மானிடவியலாளர் சாரா பிளாஃபர் ஹர்டி. அவரை நான் வாசிப்பது குரங்குகளைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டுமல்ல. ‘இயற்கை’ என்ற ஒற்றைச் சொல்லால் பெண்கள்மீது எவ்வளவு சுமை ஏற்றப்படுகிறது என்று பார்ப்பதற்காகவும்தான்.

ஹார்வர்டு மாணவியாக அவர் 1971இல் ராஜஸ்தானின் அபு மலைக்கு வந்தார். லங்கூர் கடுவன்கள் குட்டிகளைக் கொல்வது நெரிசலாலா என்பது அவர் கொண்டுவந்த கேள்வி. அங்கே கிடைத்த விடை வேறு. வெளியிலிருந்து வந்து கூட்டத்தைக் கைப்பற்றும் கடுவனே குட்டிகளைத் தாக்கியது. பால்குடிக் குட்டியை இழந்த மந்தி சீக்கிரமே மறுபடி சினையாகும். அடுத்த குட்டி புதியவனுடையதாக இருக்கும். இது பிறழ்வு நடத்தை என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் நேபாள லங்கூர்களின் மரபணுக்களைச் சோதித்து 1999இல் வெளியான ஆய்வு, தாக்கிய கடுவன்கள் அந்தக் குட்டிகளின் தகப்பன்கள் அல்ல என்று காட்டியது.

மந்திகள் அப்போது என்ன செய்துகொண்டிருந்தன என்றும் ஹர்டி பார்த்தார். அவை பல கடுவன்களுடன் கூடின, சினையாக இருக்கும்போதுகூட. தன்னுடையதாகவும் இருக்கக்கூடிய குட்டியைக் கொல்லக் கடுவன் தயங்கும் என்பது அவர் தந்த விளக்கம். கிழட்டு மந்திகள் குட்டிகளைக் காக்கக் கடுவன்மீது பாய்ந்தன. டார்வின் காலம்தொட்டு உயிரியலில் குடியிருந்த ‘நாணமுள்ள பெண்’ இங்கே காணாமல் போனாள். 1981இல் வந்த ‘தி உமன் தட் நெவர் இவால்வ்டு’ அந்தப் பெண்ணைக் கேள்விக்குள்ளாக்கிய நூல்.

பிறகு அவர் தாய்மையின் பக்கம் திரும்பினார். ‘மதர் நேச்சர்’ (1999) நூலில் ஐரோப்பிய அனாதை இல்லங்களில் விடப்பட்ட குழந்தைகளின் வரலாற்றை எடுத்துவைத்து, தாய்ப்பாசம் தானாகச் சுரப்பதில்லை, சூழலையும் துணையையும் பொறுத்தது என்கிறார். ‘மதர்ஸ் அண்ட் அதர்ஸ்’ (2009) இன்னும் ஒரு படி போகிறது: மனிதக் குழந்தை ஒருத்தியால் மட்டும் வளர்க்கப்பட்டதே இல்லை, பாட்டி, அத்தை, மூத்த பிள்ளைகள், தகப்பன் என்று பல கைகள் தேவைப்பட்டன. ‘நீ பெற்றாய், நீயே பார்’ என்ற பேச்சுக்கு இதைவிட வலுவான மறுப்பை நான் வாசித்ததில்லை.

இருந்தாலும் எனக்கு இரண்டு தயக்கங்கள் உண்டு. ஹர்டியின் மந்திகள் லாபநட்டம் பார்க்கும் முதலீட்டாளர்களைப் போலத் தெரிகின்றன என்பதை டானா ஹாரவே 1989லேயே சுட்டினார். சந்தையின் மொழியில் பெண்ணுக்குச் செயலூக்கம் தருவதை முழு விடுதலையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இரண்டாவது, அந்தப் பல கைகளைப் பற்றியது. அவை பெரும்பாலும் பெண்களின் கைகள். பேரப்பிள்ளையைப் பார்ப்பது பாட்டியின் இயல்பு என்று சொல்லிவிட்டால், கூலியில்லாத இன்னொரு உழைப்புக்குப் பரிணாமத்தின் முத்திரை விழுந்துவிடும். கடுவன் குட்டியைக் கொல்வது இயற்கையில் நடக்கிறது என்பதால் அதை நாம் நியாயம் என்பதில்லை. பாட்டி பிள்ளை வளர்ப்பதும் அப்படித்தான்: இயற்கையில் நடந்தது என்பதால் அது அவளுடைய கடமையாகிவிடாது. அவளுக்கு விருப்பமா என்று கேட்க வேண்டும். அந்த வேலையில் ஆணின் பங்கு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும்.